வயிற்றுவழி டயலிசிஸ்: உடலோடு மனமும் நலமா?



“பிளட் ரெஸ்ற் எல்லாம் நல்லா இருக்கெண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லுறாங்கள், டொக்டர். ஆனால் அப்பா முந்தின மாதிரி இல்லை. ஒருத்தரோடையும் கதைக்கிறார் இல்லை.”

இப்படியான வார்த்தைகளை எமது சிகிச்சை நிலையத்தில் நாம் பல தடவைகள் கேட்டிருக்கிறோம். சொல்பவர் சில வேளைகளில் மகளாக இருப்பார், சில வேளைகளில் மனைவியாக இருப்பார். நோயாளியோ பக்கத்துக் கதிரையில் பேசாமல் இருப்பார். சிறுநீரகங்கள் செயலிழந்து வீட்டிலேயே டயலிசிஸ் செய்பவர் அவர். அவருடைய பொட்டாசியம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதெல்லாம் எமது கணினியில் தெரியும். அவர் கடைசியாக எப்போது மனம்விட்டுச் சிரித்தார் என்பது அதில் தெரியாது.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் எம்மவரிடையே அதிகம். அதனால் சிறுநீரக நோயும் அதிகம். அந்நோய்க்கான மருந்துகள், உணவுக் கட்டுப்பாடு ஆகியவை பற்றி நம்மவர்கள் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். ஆனால் டயலிசிஸ் செய்பவரின் மனநிலை பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை. எனவே இந்த இதழில் வீட்டில் செய்யப்படும் வயிற்றுவழி டயலிசிஸ் பற்றியும், அதைச் செய்பவரினதும் குடும்பத்தினரதும் மனநலம் பற்றியும் எழுதுகிறோம். நாம் இங்கிலாந்தில் பணியாற்றுவதால், உதவி பெறும் வழிகளைக் கூறும்போது இங்குள்ள நடைமுறைகளையே குறிப்பிடுகிறோம்.

வயிற்றுவழி டயலிசிஸ் என்றால் என்ன?

எமது வயிற்றறையின் உட்புறத்தையும் குடல் முதலிய உறுப்புகளையும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. இதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. வயிற்றுவழி டயலிசிஸில் இச்சவ்வே வடிகட்டியாகப் பயன்படுகிறது.

முதலில் ஒரு சிறிய சத்திரசிகிச்சை மூலம் வயிற்றில் மென்மையான குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் வழியாகப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை லீற்றர் வரையான திரவம் வயிற்றுக்குள் விடப்படும். இரத்தத்திலுள்ள கழிவுகள் சவ்வினூடாக அத்திரவத்துக்குள் வரும். திரவத்திலுள்ள குளுக்கோஸ் உடலில் தேங்கிய மேலதிக நீரை இழுத்தெடுக்கும். சில மணி நேரத்தின் பின்னர் அத்திரவத்தை வெளியேற்றிப் புதிய திரவத்தை விட வேண்டும்.

இதனை இரண்டு வகையாகச் செய்யலாம். முதலாவது, கையால் மாற்றுவது. நாளொன்றுக்குப் பொதுவாக 4 தடவைகள் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் 30 முதல் 40 நிமிடங்கள் வரை செல்லும். இரண்டாவது, இரவில் நித்திரை கொள்ளும்போது ஒரு மெஷின் தானாகவே மாற்றுவது. இதற்குப் பொதுவாக 8 முதல் 10 மணி நேரம் வரை தேவைப்படும்.

இந்த முறையால் கிடைக்கும் பெரிய நன்மை சுதந்திரம். 1976 இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பொப்போவிச், மொன்கிரீஃப் ஆகியோர் நாள் முழுவதும் நடைபெறும் இம்முறையை அறிமுகப்படுத்தினார்கள். அப்போது திரவம் கண்ணாடிப் போத்தல்களில் வந்தது. அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் ரொறன்ரோவில் வைத்தியர் ஓரியோபூலொஸ் பிளாஸ்ரிக் பைகளைப் பாவிக்கத் தொடங்கிய பின்னர்தான் இது பரவலாக நடைமுறைக்கு வந்தது. ஹொங்கொங்கில் 1985 முதல் இதுவே முதல் தெரிவாக இருந்து வருகிறது. இரத்த டயலிசிஸ் செய்பவர் வாரத்தில் மூன்று நாட்கள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வைத்தியசாலையில் இருக்க வேண்டும். வயிற்றுவழி செய்பவர் வேலைக்குப் போகலாம், பேரப்பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரலாம். பெரும்பாலானவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் சற்றுக் குறைவு.

ஆனால் சுதந்திரம் கிடைக்கும் வீட்டுக்குள்ளேயே சுமையும் வருகிறது.

வீடு வைத்தியசாலையாகும்போது

மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஒரு வாகனம் வந்து டசின் கணக்கில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும். இரண்டு அறை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அவற்றை அடுக்குவதற்கே இடமில்லை. விருந்தினர் வந்தால் அவை கண்ணில் படும். “இதென்ன பெட்டியள்?” என்ற கேள்விக்குப் பயந்தே சிலர் ஒருவரையும் வீட்டுக்கு அழைப்பதில்லை.

திரவம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கைகளை முறைப்படி கழுவ வேண்டும். கவனக்குறைவால் கிருமி உள்ளே போய்விடுமோ என்ற பயம் எப்போதும் இருக்கும். வயிற்றில் திரவம் இருப்பதால் சிலருக்கு வயிறு பெரிதாகத் தெரியும். காற்சட்டை இறுக்கும், சேலைக் கட்டுக் குழாயில் அழுத்தும். தன் உடம்பே தனக்கு அந்நியமாகிவிட்டது போன்ற உணர்வு வரும். கணவன் மனைவி வெவ்வேறு அறைகளில் படுக்கத் தொடங்குவார்கள். இதை எம்மவர்கள் வைத்தியரிடம் ஒருபோதும் தாமாகச் சொல்வதில்லை. நாம் கேட்டால்தான் தலையைக் குனிந்துகொண்டு ஆமென்பார்கள். குழாய் இருப்பதால் தாம்பத்திய உறவு கூடாது என்று எந்த விதியும் இல்லை. குழாயை நன்றாக ஒட்டிப் பாதுகாத்துக்கொண்டால் போதும். வேறு சிரமங்கள் இருப்பின் அவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

மெஷினின் எச்சரிக்கை ஒலியும் ஒரு பிரச்சினை. குழாய் மடிந்தாலோ, அதன்மேல் புரண்டு படுத்தாலோ நடுச்சாமத்தில் அது கத்தும். மற்றவர்களுக்கு அது வெறும் நித்திரைக் குழப்பம். போர்க்காலத்தில் வாழ்ந்த எமக்கு அதற்குமேலும் இருக்கக்கூடும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இரவோடிரவாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தவர்கள், பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்தவர்கள் எம்மிடையே பலர். திடீரென்று இருட்டில் ஒலி கேட்டால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மறுபடி நித்திரை வராது. நாமும் அந்த வழியால் வந்தவர்கள் என்பதால் இதை நன்கறிவோம். இப்படி உங்களுக்கும் நேர்ந்தால் டயலிசிஸ் தாதியிடம் சொல்லுங்கள். பல மெஷின்களில் ஒலியின் அளவையும் திரையின் வெளிச்சத்தையும் குறைக்கலாம். அடிக்கடி ஒலி எழுவதற்கான காரணத்தையும் பெரும்பாலும் கண்டுபிடித்துத் திருத்தலாம். சிலருக்குக் கையால் மாற்றும் முறையே மனதுக்கு நிம்மதி தரும்.

களைப்பா, மனச்சோர்வா?

டயலிசிஸ் செய்யும் எவருக்கும் களைப்பு வரும். கவலையும் வரும். நோய் வந்தால் கவலைப்படுவது இயல்பு. ஆனால் மனச்சோர்வு நோய் என்பது வேறு. 2013 இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பொன்றின்படி, நேர்முகமாகப் பரிசோதிக்கப்பட்ட டயலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 23 வீதத்தினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. நோயாளிகளே நிரப்பும் வினாப்படிவங்களைக் கொண்டு பார்த்தால் அது 39 வீதம் வரை சென்றது. அதாவது டயலிசிஸ் செய்பவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அவர்களில் ஒருவருக்கு இருக்கலாம்.

எம்மவர்கள் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்வதில்லை. “நெஞ்சுக்குள்ளை பாரமாய் இருக்கு”, “உடம்பெல்லாம் உளையுது”, “தலை விறைக்குது”, “ஒண்டிலையும் மனமில்லை” என்றே சொல்வார்கள். இவற்றை நாம் கவனமாகக் கேட்க வேண்டும்.

வைத்தியர்கள் வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளை நீங்களும் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

1. கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்த உணர்வு உங்களை அடிக்கடி வாட்டியதா?

2. கடந்த ஒரு மாதத்தில் எதைச் செய்வதிலும் விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாமல் அடிக்கடி அவதிப்பட்டீர்களா?

இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்று பதில் வந்தால் வைத்தியரிடம் பேச வேண்டும். ஆம் என்பதனாலேயே நோய் என்று முடிவு செய்துவிட முடியாது. மேலும் விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

அதே நேரம் எல்லாவற்றையும் மனதின்மேல் போட்டுவிடவும் கூடாது. இரத்தச்சோகை, டயலிசிஸ் போதாமை, உடலில் நீர் தேங்குதல், தைரொயிட் குறைபாடு, ஓயாத சொறி, இரவில் கால்களைச் சும்மா வைத்திருக்க முடியாத அந்தரம், மலச்சிக்கல், நித்திரையின்மை ஆகிய யாவும் மனிதரைச் சோர்வாக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைப் பாவிப்பவர்களுக்குச் சில வகையான குளுக்கோஸ் மீட்டர்கள் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். உங்கள் மீட்டர் பொருத்தமானதா என்று தாதியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மனச்சோர்வு மனதோடு மட்டும் நிற்பதுமில்லை. மனம் சோர்ந்தவருக்குப் பசி இருக்காது, மருந்து தவறும், கை கழுவுவதில் கவனம் குறையும். மனச்சோர்வு உள்ளவர்களிடம் வயிற்றறைத் தொற்று அதிகம் காணப்படுவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே மனதுக்குச் செய்யும் வைத்தியம் டயலிசிஸுக்கும் செய்யும் வைத்தியமே.

எம்மவர் வீடுகளில் காணும் மூன்று விடயங்கள்

முதலாவது, மறைத்தல். “ஊருக்குத் தெரியக் கூடாது, மகளின்ரை கலியாணம் முடியட்டும்” என்று வருத்தத்தை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் மறைப்பதற்காக நோயாளி கோயிலுக்கும் போவதில்லை, கொண்டாட்டங்களுக்கும் போவதில்லை. கடைசியில் தொலைபேசியையும் எடுப்பதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. நம்பிக்கையான இரண்டு மூன்று பேருக்காவது சொல்லுங்கள். வயிற்றில் குழாய் உள்ளவர் கோயிலுக்குப் போகக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நெரிசலில் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் சரி. குளத்திலோ தொட்டியிலோ அமிழ்ந்து குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். கடலிலும் நீச்சல் தடாகத்திலும் இறங்குவதானால் முதலில் தாதியிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சாப்பாட்டுக் காவல். இரத்த டயலிசிஸ் செய்யும் ஒருவரிடம் கேட்டறிந்த விதிகளையெல்லாம் வயிற்றுவழி செய்பவருக்கும் சுமத்துவார்கள். வாழைப்பழம் கூடாது, பருப்புக் கூடாது, அது கூடாது, இது கூடாது. வயிற்றுவழி டயலிசிஸில் பொட்டாசியம் நாள்தோறும் வெளியேறுவதால் பலருக்கு அந்தளவு கட்டுப்பாடு தேவைப்படாது. மறுபுறம், நாளொன்றுக்குப் பல கிராம் புரதம் திரவத்தோடு வெளியேறுவதால் மீன், முட்டை, கோழி போன்றவை போதியளவு வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கட்டாயம் உணவு ஆலோசகரிடம் பேச வேண்டும். திரவத்திலிருந்து குளுக்கோஸ் உடலில் சேர்வதால் இனிப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பும் ஆகாது. ஒவ்வொருவரின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே விதி வகுக்கப்படும். பக்கத்து வீட்டாரின் விதி உங்களுக்குப் பொருந்தாது. தேவையற்ற தடையொன்றை நீக்குவது மட்டுமே சிலருக்குப் பெரிய ஆறுதலாக அமைந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குதல். பதின்மூன்று வயது மகன் தன் தாயிடம் “சாக வேணும் போலை இருக்கோ எண்டு டொக்டர் கேக்கிறார்” என்று மொழிபெயர்த்தால் அந்தத் தாய் என்ன பதில் சொல்வார்? பிள்ளை முன்னால் இல்லை என்றுதான் சொல்வார். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நேரம் பதியும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று சொல்லுங்கள். பிள்ளை பிள்ளையாக இருக்கட்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை

இங்கே நாம் சொல்லப்போகும் ஐயா ஒரு தனி மனிதரல்லர். நாம் சந்தித்த பலரது அனுபவங்களை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறோம்.

ஐயாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரவில் மெஷின் டயலிசிஸ். பத்து மணி நேரம் வேண்டும் என்பதால் இரவு எட்டரைக்கே படுக்கைக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் நான்கைந்து நண்பர்கள் கூடி 304 விளையாடுவார்கள். பத்து மணி வரை சத்தமும் சிரிப்புமாக இருக்கும். மெஷின் வந்தபின் அது நின்றுவிட்டது. காரணத்தை நண்பர்களுக்கும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவர் வீட்டிலும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

“ஐயா, டயலிசிஸ் வந்த பிறகு நீங்கள் விட்டுப்போட்ட ஒரு விசயம் எது?” என்று கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “சனிக்கிழமை.”

அவருக்கு இன்னும் ஓரளவு சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரக மருத்துவக் குழுவினர் பரிசோதித்துவிட்டுச் சனிக்கிழமை இரவுகளில் தாமதமாகத் தொடங்கவும் நேரத்தைக் குறைக்கவும் அனுமதித்தார்கள். இது அவருடைய பரிசோதனை முடிவுகளைப் பார்த்து எடுத்த முடிவு. வாசகர்கள் தாமாகவே நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது. மனச்சோர்வுக்கான சிகிச்சையும் அவருக்கு நடந்தது. ஆனால் அவர் மீளத் தொடங்கியது மறுபடி கடதாசிக் கட்டைக் கையில் எடுத்த நாளில்தான் என்று அவர் மனைவி சொல்வார்.

அவர் குழுவிடம் கேட்டது சலுகையல்ல. வயிற்றுவழி டயலிசிஸுக்கான சர்வதேசச் சங்கம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரைகள் இதையே வலியுறுத்துகின்றன. கழிவு எவ்வளவு வெளியேறுகிறது என்ற ஒரு எண்ணை மட்டும் பார்த்துச் சிகிச்சையை வகுக்காமல், நோயாளிக்கு வாழ்க்கையில் எது முக்கியம் என்பதை அவரோடு பேசி அறிந்து அதற்கேற்ப வகுக்க வேண்டும் என்கின்றன. பல நாடுகளின் நோயாளிகளும் குடும்பத்தினரும் வைத்தியர்களும் சேர்ந்து எதை முக்கியமாக அளக்க வேண்டும் என்று ஆராய்ந்தபோது, தொற்று, இருதய நோய், உயிரிழப்பு ஆகியவற்றோடு ‘வாழ்க்கையில் பங்குபற்றுதல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலை, குடும்பம், கோயில், நண்பர்கள் என எமக்குப் பொருள் தரும் காரியங்களில் பங்குபற்ற முடிகிறதா என்பதே அது.

ஆனால் நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? “எப்படி இருக்கிறீர்கள்?” என்று தாதி கேட்கும்போது “பரவாயில்லை, நல்லா இருக்கிறன்” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வருவது எம்மவர் வழக்கம். அடுத்த தடவை போகும்போது ஒரு தாளில் மூன்று காரியங்களை எழுதிக்கொண்டு போங்கள்: டயலிசிஸால் விட்டவை எவை, அவற்றில் எதை மறுபடி செய்ய ஆசை, இரவில் எத்தனை தடவை எழும்புகிறேன்.

என்ன உதவிகள் உண்டு?

பேச்சுச் சிகிச்சை: இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். பல சிறுநீரகப் பிரிவுகளில் உளவியலாளரோ ஆலோசகரோ இருக்கிறார்கள். கிட்னி கெயார் யூகே என்ற தொண்டு நிறுவனமும் சிறுநீரக நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஆலோசனைச் சேவை வழங்குகிறது. “பைத்தியத்துக்குப் பாக்கிற இடம்” என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

மருந்து: மனச்சோர்வு மருந்துகளில் சிலவற்றைச் சிறுநீரக நோயில் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டும். இரத்த டயலிசிஸ் செய்பவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்று செர்ட்ராலின் என்ற மருந்தையும் பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. 12 வாரங்களின் முடிவில் மருந்து எடுத்தவர்களின் அறிகுறிகள் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆனால் பக்க விளைவுகளும் அவர்களிடமே அதிகம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியருடன் பேசி முடிவு செய்யுங்கள். கடைகளில் விற்கும் மூலிகை மாத்திரைகளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். செயின்ற் ஜோன்ஸ் வோர்ட் போன்றவை மற்ற மருந்துகளோடு, குறிப்பாக மாற்றுச் சிறுநீரகத்துக்கான மருந்துகளோடு, மோதும்.

வீட்டில் உதவி: முதியவர்களுக்கும் கை நடுக்கம், பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கும் பல இடங்களில் உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து மெஷினை ஆயத்தம் செய்து தருவார். இது எம்மவரில் பலருக்குத் தெரியாது. சிறுநீரகப் பிரிவில் கேளுங்கள்.

பயணம்: பிரித்தானியாவுக்குள்ளும் பல வெளிநாடுகளுக்கும் திரவத்தை முன்கூட்டியே அனுப்ப ஒழுங்கு செய்யலாம். ஊருக்குப் போக விரும்பினால் பல மாதங்களுக்கு முன்னரே தாதியிடம் பேசுங்கள். பயணச்சீட்டை வாங்கியபின் கேட்பது பிழையான ஒழுங்கு.

பராமரிப்பவரை யார் பராமரிப்பது?

பெட்டி தூக்குவதும், மெஷின் பூட்டுவதும், உப்பில்லாமல் ஒரு சமையலும் உப்போடு ஒரு சமையலும் செய்வதும் பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான். இரவில் மெஷின் கத்தினால் முதலில் எழும்புபவரும் அவரே. “நீங்கள் எப்படி அக்கா?” என்று கேட்டால் “எனக்கென்ன, அவருக்குத்தானே வருத்தம்” என்பார். கேட்ட மாத்திரத்தில் கண்ணீர் வந்துவிடும்.

இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, பராமரிப்பவர் தமது தேவைகளை மதிப்பிடும்படி உள்ளூராட்சி சபையிடம் கோரலாம். நீங்கள் ஒருவரைப் பராமரிக்கிறீர்கள் என்பதை உங்கள் குடும்ப வைத்தியரிடமும் பதிவு செய்யுங்கள். வாரத்தில் ஓரிரவாவது வேறொருவர் பொறுப்பெடுக்கட்டும். மகன்மாரும் மெஷின் பூட்டப் பழகலாம். அதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை.

“இனி மெஷின் வேண்டாம்”

சில வேளைகளில் நோயாளி இப்படிச் சொல்வார். குடும்பத்தினர் பதறுவார்கள், ஏசுவார்கள், அழுவார்கள். முதலில் கேளுங்கள். அவர் சொல்வது “இந்த மெஷின் வேண்டாம், வேறு முறை வேண்டும்” என்பதாக இருக்கலாம். இரத்த டயலிசிஸுக்கு மாறுவது தோல்வியல்ல. “எனக்கு வலிக்கிறது, நித்திரையில்லை” என்பதாக இருக்கலாம். “பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறேன்” என்பதாகவும் இருக்கலாம். சிகிச்சை செய்தால் மாறக்கூடிய மனச்சோர்வே அப்படிப் பேசவும் கூடும். ஆகவே அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காமல் சிறுநீரகக் குழுவோடு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேச வேண்டும்.

அதேவேளை, தெளிந்த மனதோடு, நன்கு யோசித்து, டயலிசிஸை நிறுத்த விரும்பும் உரிமையும் ஒருவருக்கு உண்டு. அப்படி முடிவெடுப்பவரை வைத்தியர்கள் கைவிடுவதில்லை. வேதனை இல்லாமல் பராமரிக்கும் சேவை உண்டு. கசப்பான விடயம்தான். ஆனால் பேசாமல் விடுவதால் அது இனிப்பாகப் போவதில்லை.

உடனடியாக உதவி நாட வேண்டிய வேளைகள்

வெளியேறும் திரவம் கலங்கலாக இருந்தாலோ, வயிற்றுவலியோ காய்ச்சலோ ஏற்பட்டாலோ, குழாயைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தாலோ அன்றே சிறுநீரகப் பிரிவை அழைக்க வேண்டும். காலைவரை பொறுக்க வேண்டாம். அந்தப் பையை எறியாமல் வைத்திருங்கள்.

உயிரை மாய்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதுவும் வயிற்றறைத் தொற்றுப் போல ஒரு அவசர நிலையே. உயிருக்கு ஆபத்தெனில் 999. இங்கிலாந்தில் 111 ஐ அழைத்து மனநல நெருக்கடிக்கான இலக்கம் 2 ஐத் தெரிவு செய்யலாம். சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். “இப்படி ஒரு எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்பதே பலருக்கு ஆறுதல்.

இறுதியாக

போரையும் இடப்பெயர்வையும் கடந்து, அந்நிய நாட்டில் ஒன்றிலிருந்து தொடங்கி, பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் எமது மூத்தவர்கள். தாங்கிக்கொள்வது அவர்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கமே இந்த நோயில் அவர்களுக்குத் தீங்காகிறது. வீட்டில் டயலிசிஸ் செய்பவர் ஒருவர் இருந்தால் இன்றிரவு மெஷினைப் பூட்டிய பிறகு கட்டில் அருகே ஒரு கதிரையைப் போட்டுப் பத்து நிமிடம் இருங்கள். எண்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். “நீங்கள் விட்டுப்போட்ட விசயம் எது?” என்று மட்டும் கேளுங்கள். வரும் பதிலைக் குறித்துவைத்து, அடுத்த தடவை தாதியைச் சந்திக்கும்போது சொல்லுங்கள்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.